கட்சி இல்லாத ஓட்டுச்சீட்டு: ஊராட்சித் தேர்தலில் எதைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார்கள்?

2021 அக்டோபர் மாதம். மேடவாக்கம், வேங்கைவாசல், அகரம்தென், முடிச்சூர், பெரும்பாக்கம் என்று தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் உள்ளாட்சித் தேர்தல். வாக்குச்சாவடிக்குள் போன ஒவ்வொருவர் கையிலும் நான்கு சீட்டுகள் கொடுத்தார்கள். (எந்திரம் இல்லை, பழைய காகிதச் சீட்டுதான்.) மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள். ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை. ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை.

மஞ்சளிலும் பச்சையிலும் உதயசூரியன், இரட்டை இலை என்று சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய சின்னங்கள். மற்ற இரண்டிலும் அது கிடையாது. ஆட்டோ, பூட்டு சாவி என்று தேர்தல் ஆணையம் கொடுத்த சுயேச்சைச் சின்னங்கள் மட்டும்தான். ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் ஆகிய இரண்டு பதவிகளுக்கும் தமிழ்நாட்டில் கட்சி அடிப்படையில் தேர்தல் நடப்பதில்லை.

அதாவது ஒரே ஆள், ஒரே மறைப்புக்குப் பின்னால், ஒரே ரப்பர் முத்திரையோடு நின்று, இரண்டு ஓட்டைக் கட்சி பார்த்துப் போடுகிறார். மீதி இரண்டு ஓட்டைக் கட்சி இல்லாமல் போடுகிறார். அந்த இரண்டை எதைப் பார்த்துப் போடுகிறார்?

இது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2021ல் 9 மாவட்டங்களில் நடந்த அந்தத் தேர்தலில் மொத்தப் பதவிகள் 27,003. அதில் மாவட்ட உறுப்பினர் 140, ஒன்றிய உறுப்பினர் 1,381. கட்சி சார்ந்தவை இவ்வளவுதான். தலைவர் பதவிகள் 2,901, வார்டு உறுப்பினர் பதவிகள் 22,581. கூட்டிப் பார்த்தால் நூற்றுக்கு 94 பதவிகள் கட்சி இல்லாதவை! டிவியில் "எந்தக் கட்சி எத்தனை இடம்" என்று விடிய விடிய ஓடியது மீதி 6 சதவீதத்தைப் பற்றித்தான்.

குடத்திலிருந்து ஆரம்பம்

கட்சி இல்லாத உள்ளாட்சி என்றதும் எல்லோரும் உத்திரமேரூருக்குப் போவார்கள். தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு போய் அங்கிருந்து திரும்பினால் வந்துவிடும் ஊர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆண்டு 919, 921. குடவோலை முறையை விவரமாகச் சொல்பவை இவை.

ஊரை 30 குடும்புகளாகப் (இன்றைய வார்டு மாதிரி) பிரித்தார்கள். தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். இப்படி வந்தவர்களைக் கொண்டுதான் ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் எல்லாம் அமைந்தன. பதவிக்காலம் ஒரு வருடம்.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதை "தேர்தல்" என்று படித்திருப்போம். கவனித்துப் பார்த்தால் இது தேர்தல் இல்லை, குலுக்கல். யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஓட்டு என்பதே இல்லை. தேர்வு நடந்தது குடத்துக்கு முன்னால், அதாவது யார் பெயரை ஓலையில் எழுதலாம் என்ற விதியில். 921ஆம் ஆண்டு விதிப்படி வயது 35க்கு மேல், 70க்குள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. இது பிராமணர்களின் சபை. உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது.

ஆனால் அதில் ஒரு விதி இன்று படித்தாலும் அசர வைக்கும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது! மனைவி பெயரில் நின்று பின்னால் இருந்து நடத்தும் வித்தை அந்த ஊரில் செல்லாது. இந்த விதியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

காந்தி ஒரு பக்கம், அம்பேத்கர் ஒரு பக்கம்

ஊராட்சிக்குள் கட்சி வேண்டாம் என்ற எண்ணம் சோழர் காலத்திலிருந்து நேராக வந்ததல்ல. இருபதாம் நூற்றாண்டில் வந்தது. கிராமம் ஒரு குடும்பம் மாதிரி, அதில் கட்சி புகுந்தால் அண்ணன் தம்பியே வெட்டிக்கொள்வார்கள் என்பது அதன் அடிப்படை. காந்தியின் கிராம சுயராஜ்யக் கனவில் கட்சிகளுக்கு இடமில்லை. பின்னால் ஜெயப்பிரகாஷ் நாராயண் "கட்சியற்ற ஜனநாயகம்" என்றே பேசினார்.

இதற்கு நேர் எதிரே நின்றவர் அம்பேத்கர். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, கிராமம் என்பது குறுகிய மனமும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடம் என்று கடுமையாகச் சொன்னார். கிராமத்தை அலகாக வைக்காமல் தனி மனிதனை அலகாக வைத்ததில் அவருக்கு மகிழ்ச்சி. கடைசியில் சமரசமாக, ஊராட்சிகளை அமைக்க அரசு முயல வேண்டும் என்ற பிரிவு 40 வழிகாட்டு நெறிகளில் சேர்ந்தது.

இரண்டு பேரும் பேசியது ஒரே கேள்வியைப் பற்றித்தான். கட்சியை எடுத்துவிட்டால் அந்த இடத்துக்கு எது வரும்? காந்தியின் நம்பிக்கைப்படி நல்ல மனிதர் வருவார். அம்பேத்கரின் பயப்படி சாதி வரும்.

அரசாங்கக் குழுக்களும் இதில் ஒரு முடிவுக்கு வந்ததில்லை. 1978ல் அசோக் மேத்தா குழு, கட்சிகள் வெளிப்படையாகவே பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கட்டும் என்று சொன்னது. அதே வருடம் மேற்கு வங்கம் கட்சிச் சின்னத்தோடு பஞ்சாயத்துத் தேர்தலை நடத்தியது. கேரளாவிலும் கிராமப் பஞ்சாயத்து வார்டு வரைக்கும் கட்சிதான். தமிழ்நாடு நடுவில் கோடு போட்டது. ஒன்றியமும் மாவட்டமும் கட்சிக்கு, கிராமம் மட்டும் "ஊருக்கு". நகரத்தில் அந்தப் பேச்சே இல்லை. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எல்லாமே கட்சி. 1959ல் சென்னை மாநகராட்சியைப் பிடித்துத்தானே தி.மு.க. தன் முதல் பெரிய வெற்றியைக் காட்டியது!

இதற்கிடையில் தேர்தலே நடக்காத காலங்களும் உண்டு. 1970க்குப் பிறகு 1986. அதற்குப் பிறகு 1996. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து, 1994ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்த பிறகுதான் 1996, 2001, 2006, 2011 என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒழுங்காக நடந்தது. அப்புறம் மறுபடி சறுக்கல். அது பின்னால் வருகிறது.

லூஸ் அரிசியும் பிராண்டு அரிசியும்

சூப்பர் மார்க்கெட்டில் பிராண்டு பெயர் போட்ட அரிசி மூட்டையை யாரும் பிரித்துப் பார்த்து வாங்குவதில்லை. பெயரை நம்பி எடுத்துப் போய்விடுகிறார்கள். தெருமுனை மளிகைக் கடையில் லூஸ் அரிசி வாங்கும்போது கையில் எடுத்துப் பார்க்கிறார்கள், ஒன்றிரண்டை வாயில் போட்டுக் கடிக்கிறார்கள், அதைவிட முக்கியமாக "அண்ணாச்சி, இது எப்படி வேகும்?" என்று கடைக்காரர் முகத்தைப் பார்க்கிறார்கள்.

1957ல் அந்தோனி டௌன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தேர்தலைக் கிட்டத்தட்ட இந்தக் கண்ணோடுதான் பார்த்தார். வேட்பாளர்களைப் பற்றி முழுசாகத் தெரிந்துகொள்ள நேரமும் உழைப்பும் ஆகும். ஒருவருடைய ஒரு ஓட்டால் முடிவு மாறும் வாய்ப்போ மிகக் குறைவு. அதனால் வாக்காளர் குறுக்கு வழி தேடுகிறார். கட்சி என்பது அப்படி ஒரு குறுக்கு வழி, அதாவது ஒரு பிராண்டு.

பிராண்டை எடுத்துவிட்டால் வாக்காளர் ஆராய்ச்சியில் இறங்கிவிடுவாரா? மாட்டார். வேறு குறுக்கு வழி தேடுவார். ஊராட்சித் தேர்தலில் அந்த வழிகள் என்னென்ன என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலாவது, முகம். நேரில் தெரிந்தவர். சாவுக்கு வந்தவர், ரேஷன் கார்டுக்கு அலைந்து கொடுத்தவர், ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுத்தவர். இது உண்மையிலேயே நல்ல அடையாளம். கட்சித் தேர்தலில் கிடைக்காத மனிதர்கள் இதில் மேலே வருகிறார்கள். 2021ல் திருநெல்வேலி மாவட்டம் சிவந்திப்பட்டியில் 90 வயது பெருமாத்தாள் தலைவராக ஜெயித்தார். அதே தேர்தலில் தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டியில் 21 வயது சாருகலா ஜெயித்தார். இந்த இரண்டு பேருக்கும் எந்தக் கட்சியும் எம்.எல்.ஏ. சீட்டு கொடுத்திருக்காது!

இரண்டாவது, குடும்பம். "அவங்க அப்பா ரெண்டு தடவை பிரசிடெண்டா இருந்தவர்" என்ற ஒரு வரியே பாதிப் பிரசாரம். 2016ல் பெண்களுக்கான ஒதுக்கீடு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதியாக உயர்ந்தது. பல ஊர்களில் போஸ்டரில் மனைவி பெயரும் கணவர் படமும் சேர்ந்தே இருந்தன. வாக்காளர் மனைவியையா தேர்ந்தெடுக்கிறார், கணவரையா?

மூன்றாவது, சாதி. அம்பேத்கரின் பயம் வெறும் பயமாக இருக்கவில்லை. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி 1996ல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. எதிர்ப்பையும் மிரட்டலையும் தாண்டி முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று அவரும் அவரோடு இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் என்ற நான்கு தனி ஊராட்சிகளில் 1996லிருந்து 10 ஆண்டுகள் ஒழுங்கான தேர்தலே நடத்த முடியவில்லை. வேட்புமனு போட ஆள் வரவிடாமல் செய்தார்கள், அல்லது ஜெயித்தவரை உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006ல்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்தது. இங்கெல்லாம் தடுத்தது கட்சி இல்லை. "ஊர்"தான் தடுத்தது.

நான்காவது, போட்டியே இல்லாமல் முடித்துவிடுவது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தபோது 76,746 வார்டு உறுப்பினர் பதவிகளில் 18,137 போட்டியின்றி நிரம்பின. ஏறக்குறைய நான்கில் ஒன்று. சில இடங்களில் ஊர் மனமொத்து ஒருவரை நிறுத்தியிருக்கலாம். சில இடங்களில் நிற்க ஆளே கிடைக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அதே நேரத்தில் பதவிகளை ஏலம் விட்டதாகவும் செய்திகள் வந்தன. அப்படிச் செய்தால் நடவடிக்கை என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள். ஏலத் தொகை கோயில் திருப்பணிக்குப் போகிறது என்பார்கள். ஏலத்தில் எடுத்தவர் அந்த முதலீட்டை எங்கே வசூல் செய்வார் என்பதைக் கணக்குப் பாடம் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாவது, பணம். 2019ல் ஊராட்சித் தலைவர் வேட்பாளருக்குச் செலவு வரம்பு 34,000 ரூபாய். 10,000 வாக்காளர் உள்ள ஊராட்சியில் இது தலைக்கு 3 ரூபாய் 40 காசு. ஒரு டீ கூட வராது. நிஜத்தில் எவ்வளவு ஓடியது என்பது ஊருக்கே தெரியும், கணக்கில் மட்டும் வராது.

பின்வாசல் வழியே கட்சி

சரி, கட்சியாவது உண்மையில் வெளியே போனதா?

2021 அக்டோபரில் கோவை மாவட்டம் குருடம்பாளையம் ஊராட்சியின் 9ஆவது வார்டு இடைத்தேர்தல் இந்தியா முழுக்கப் பிரபலமானது. பா.ஜ.க.வைச் சேர்ந்த ஒருவர் நின்று, ஒரே ஒரு ஓட்டு வாங்கினார். "சிங்கிள் ஓட்டு பா.ஜ.க." என்று ட்விட்டரில் நாடு முழுக்கக் கேலி. ஆனால் அவர் தாமரைச் சின்னத்தில் நிற்கவே இல்லை. வார்டு உறுப்பினர் தேர்தலில் தாமரைக்கே இடமில்லை. கார் சின்னத்தில் நின்ற சுயேச்சை அவர். அவர் குடும்பத்தின் ஓட்டுகள் இருந்ததும் வேறு வார்டில். சட்டம் கட்சியைச் சீட்டிலிருந்துதான் எடுத்தது, ஜனங்கள் தலையிலிருந்து எடுக்க முடியவில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அதே அக்டோபரில் இன்னொரு விஷயமும் நடந்தது. விஜய் மக்கள் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் சுயேச்சையாக நின்று நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் ஜெயித்ததாக அந்த இயக்கம் அறிவித்தது. அப்போது அது கட்சியே இல்லை. கட்சி அறிவிப்பு வந்தது 2024ல்தான். கட்சிப் பெயர் இல்லாத சீட்டில் நடிகர் பெயரே பிராண்டாக வேலை செய்தது.

ஊர்களில் நடைமுறை எல்லோரும் அறிந்ததுதான். தலைவர் வேட்பாளர் பூட்டு சாவிச் சின்னத்தில் நிற்பார், கூட வருகிறவர்கள் தோளில் கட்சித் துண்டு இருக்கும். ஜெயித்த மறுநாள் மாவட்டச் செயலாளருக்குச் சால்வை. ஒரே கட்சிக்காரர்கள் இரண்டு மூன்று பேர் ஒருவரை ஒருவர் எதிர்த்து நிற்பதும் உண்டு. அங்கேதான் இந்த விதிக்கு ஒரு சின்ன அர்த்தம் கிடைக்கிறது. மேலிடம் ஆளை இறக்க முடியாது, ஊர் தேர்ந்தெடுத்தவரைத்தான் கட்சி ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஊர் எது, நகர் எது?

இவ்வளவும் "ஊர்" என்று ஒன்று இருக்கும் இடத்துக்குப் பொருந்தும். தாம்பரத்துப் பக்கம் வந்தால் கதை மாறுகிறது.

1931ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது. 1937ல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி பட்டணத்தை விட்டு இங்கே இடம் மாறியது. 1964ல் தாம்பரம் நகராட்சி. ஆனால் ரயில் பாதையை விட்டுக் கிழக்கே போனால் அண்மைக்காலம் வரை ஏரிகளும் நெல் வயல்களும்தான். மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம், கோவிலம்பாக்கம் எல்லாம் ஏரிப் பாசனக் கிராமங்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் கணினி நிறுவனங்கள் வந்த பிறகு வயல்கள் மனைகளாயின, மனைகள் அடுக்குமாடிகளாயின. ஊராட்சி என்ற பெயர்ப்பலகை மட்டும் மாறவில்லை. இந்த ஊராட்சிகளைச் சேர்த்த ஒன்றியத்துக்குப் பெயர் புனித தோமையார்மலை. கிராமப்புற ஒன்றியம் என்று பெயர், தலைக்கு மேலே விமானம் இறங்கிக்கொண்டிருக்கும்!

இங்கே ஒரே ஊராட்சிக்குள் நான்கு விதமான வாக்காளர்கள் இருக்கிறார்கள்.

பழைய ஊர்க்காரர். இவருக்கு வேட்பாளரின் தாத்தாவையும் தெரியும். முகம், குடும்பம், சாதி என்ற பழைய குறுக்கு வழிகள் இவரிடம் அப்படியே வேலை செய்கின்றன. எண்ணிக்கையில் குறைந்தாலும் ஓட்டுப் போடத் தவறாதவர்.

"நகர்"க்காரர். இருபது வருடம் முன்பு மனை வாங்கி வீடு கட்டியவர். இவருக்கு வேட்பாளரைத் தெரியாது, குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளரைத் தெரியும். வேட்பாளர்களும் வீடு வீடாகப் போவதைவிடச் சங்கக் கூட்டத்துக்கு வருவதைத்தான் விரும்புகிறார்கள். மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குப்பை, லாரித் தண்ணீர். யார் செய்து கொடுப்பார் என்று சங்கம் சொல்கிறதோ அதுதான் இவருக்குப் பிராண்டு.

வாடகைக்காரர். பலருக்கு ஓட்டு சொந்த ஊரிலேயே இருக்கிறது. தண்ணீர்ப் பிரச்சினை இங்கே, வாக்காளர் அட்டை தஞ்சாவூரில். இவரைத் தேடி எந்த வேட்பாளரும் வருவதில்லை.

நான்காவது, கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர். பெரும்பாக்கத்தில் 20,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரத்தின் மற்ற பகுதிகளிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் இங்கே வந்தன. மாநகராட்சி வார்டில், கட்சி சார்ந்த கவுன்சிலரிடம் மனு கொடுத்துப் பழகியவர்கள் ஒரே நாளில் ஊராட்சி மக்களானார்கள். அங்கே அவர்களுக்குத் தாத்தாவும் தெரியாது, சங்கமும் கிடையாது. இளஞ்சிவப்புச் சீட்டில் இருக்கும் ஆட்டோவும் பூட்டு சாவியும் அவர்களுக்கு எதைச் சொல்லும்? தெரிந்த ஒரே பிராண்டு கட்சிதான், அதைத்தான் அந்தச் சீட்டு மறைக்கிறது.

காணாமல் போன ஐந்து வருடம்

முகமும் தெரியாது, கட்சியும் தெரியாது என்றால் வாக்காளருக்கு மிஞ்சுவது ஒன்றுதான். முன்பு இருந்தவர் என்ன செய்தார் என்று பார்ப்பது. அமெரிக்காவில் பல ஊர்களில் நகராட்சித் தேர்தல் கட்சி இல்லாமலே நடக்கிறது. 2001ல் ஷாஃப்னர், ஸ்ட்ரெப், ரைட் என்ற மூன்று ஆய்வாளர்கள் கட்சியுள்ள தேர்தலையும் இல்லாத தேர்தலையும் ஒப்பிட்டார்கள். கட்சிப் பெயர் இல்லாத இடத்தில் ஓட்டுப் பதிவு குறைகிறது, ஏற்கெனவே பதவியில் இருப்பவருக்குச் சாதகம் கூடுகிறது என்று கண்டார்கள். தெரியாத பத்துப் பெயரில் தெரிந்த ஒரு பெயர் அது.

தென்சென்னைப் புறநகரில் அந்த வழியும் அடைபட்டது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு 2019 டிசம்பரில் மற்ற மாவட்டங்களில் தேர்தல் நடந்தபோது, புதிதாகப் பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு உள்ளிட்ட 9 மாவட்டங்கள் விடுபட்டன. ஆக 2016 அக்டோபரிலிருந்து 2021 அக்டோபர் வரை ஐந்து முழு வருடங்கள் இங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரே கிடையாது. தனி அலுவலர்கள் நடத்தினார்கள்.

அந்த ஐந்து வருடம் எப்படிப்பட்டது? 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு முடிச்சூரை மூழ்கடித்த ஞாபகம் ஆறாத காலம். 2019 கோடையில் சென்னை முழுக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்த காலம். பிறகு கொரோனா. ஒரு ஊராட்சித் தலைவரின் தரத்தை எடைபோட இதைவிட நல்ல பரீட்சை வராது. ஆனால் பரீட்சை எழுத ஆளே இல்லை. 2021ல் சீட்டைக் கையில் வாங்கியவர்களிடம் "போன தடவை இவர் என்ன கிழித்தார்?" என்று கேட்க ஒருவரும் இல்லை.

ரோட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டு. 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல், முழுக்க முழுக்கக் கட்சிச் சின்னத்தில். தி.மு.க.வின் வசந்தகுமாரி கமலக்கண்ணன் 25 வயதில் முதல் மேயரானார். பதவி தலித் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

மாடம்பாக்கத்துக்காரர் கட்சிச் சின்னத்தைப் பார்த்துக் குத்தினார். பக்கத்திலேயே இருக்கும் அகரம்தென் ஊராட்சிக்காரர் நான்கு மாதம் முன்பு சுயேச்சைச் சின்னத்தைப் பார்த்துக் குத்தினார். இருவருக்கும் ஒரே மழை, ஒரே வெள்ளம், ஒரே தண்ணீர் லாரி. ஒருவருக்குக் கட்சி தேவை, மற்றவருக்குக் கூடாது என்று சட்டம் எந்த அடிப்படையில் சொல்கிறது? இவர் கிராமத்தில் இருக்கிறார், வேட்பாளரை நேரில் அறிவார் என்ற அனுமானத்தில்தான். புறநகரில் அந்த அனுமானம் உடைந்து எத்தனையோ வருடமாகிறது.

அதற்காகக் கட்சியைக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. 2021ல் மாவட்ட உறுப்பினர் பதவிகள் 140ல் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஆளும் தி.மு.க. கூட்டணியே அள்ளியது. மாநில அலை அடித்தால் கட்சி பார்த்துப் போடும் ஓட்டில் ஆள் யாரென்ற கேள்வி காணாமல் போய்விடும். வடிகால் அடைத்துக்கொள்வதற்கும் கோட்டையில் யார் இருக்கிறார் என்பதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

ஆக, வாக்காளருக்கு வேண்டியது தகவல். அதைக் கொடுக்கும் ஏற்பாடு சட்டத்திலேயே இருக்கிறது, கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் பின்னர் சேர்ந்தன. வரவு செலவுக் கணக்கை அங்கே வைக்க வேண்டும். அந்த ஊராட்சியின் வாக்காளர் யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம். ஊர்க்காரரும் நகர்க்காரரும் குடியமர்த்தப்பட்டவரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து, கேள்விக்கு யார் பதில் சொல்கிறார், யார் மழுப்புகிறார் என்று நேரில் பார்க்கக்கூடிய ஒரே இடம் அது. அடுத்த தேர்தலில் யார் முகம் தெரிய வேண்டுமோ அந்த முகம் தெரியும் இடமும் அதுவே. ஆனால் புறநகர் ஊராட்சிகளில் பலருக்கு அப்படி ஒரு கூட்டம் நடப்பதே தெரியாது. அக்டோபர் 2 அவர்களுக்கு ஒரு லீவு நாள்.

உத்திரமேரூர்க்காரர்களிடம் ஓட்டு இல்லை. பெண்களையும் உழைப்பவர்களையும் வெளியே நிறுத்தினார்கள். அந்த விஷயத்தில் அவர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் கணக்குக் காட்டாதவர் பெயர் ஓலையில் ஏறக்கூடாது என்பதில் அவர்கள் தெளிவாக இருந்தார்கள். 1,100 வருடம் கழித்து ஓலை எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. கணக்கைக் கேட்கும் பழக்கம் மட்டும் இன்னும் குடத்துக்குள்ளேயே இருக்கிறது.